வலது கோடு

காசோலையின் அடியில் இரண்டு கோடுகள்.
இடது கோடு தலைவருக்கு,
வலது கோடு துணைத்தலைவருக்கு.
நடுவிலுள்ள மூன்று விரற்கடை வெள்ளையில்
பதினோரு வருசமாக டிவிஎஸ் ஓட்டுகிறேன் நான்,
கரட்டுப்புதூர் ஊராட்சிச் செயலர்.

மேற்கு போர்வெல்லில் மோட்டார் எரிந்து ஒன்பது நாள்.
காயில் கட்ட, கேபிள் மாற்ற, கூலி,
முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு.
துளசிமணி அன்றைக்கே போட்டுவிட்டார்.
பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிய கை.
எழுத்து ஒவ்வொன்றும்
தைத்து முடித்து நூலை அறுத்த மாதிரி நிற்கும்.

காங்கயம் ரோட்டில் இறங்கி
சென்னியப்பன் தோட்டத்துக்குப் போனேன்.
"வாங்க, மோர் குடிங்க" என்றார்.
குடித்தேன்.
"தேங்காய் லோடு ஏறுதுங்க, நாளைக்குப் பாக்கலாம்."
மறுநாள் கண்ணாடியைக் காணோம்.
அதற்கு மறுநாள் அமாவாசை.
ஒருதடவைகூட மாட்டேன் என்று அவர் சொன்னதில்லை.
மாட்டேனை மோரில் கரைத்து
உப்புப் போட்டுக் கொடுத்தார்.

காலனியில் லாரித் தண்ணீர் குடம் எட்டு ரூபாய்.

சும்மா சொல்லக்கூடாது,
போன ஆடியில் இதே காசோலைப் புத்தகத்தில்
ஒரு தாள் செத்தது.
அவர் களத்து வாசல் வரைக்கும் தார் ரோடு,
நாலு லட்சத்துச் சொச்சம் பில்.
அன்றைக்கு அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.
துளசிமணி இரண்டுதரம் படித்தார்,
பேனாவை மூடினார்,
ஏன் என்று தீர்மானப் புத்தகத்தில் எட்டு வரி எழுதினார்.
மூன்று மாதம் இடது கோடு வெறுமையாய்க் கிடந்து
காசோலை காலாவதி.
அதே பூட்டுத்தான்.
அன்றைக்குத் திருடனுக்கு, இன்றைக்குத் தண்ணீருக்கு.

கூட்டத்தில் மூன்றாம் வார்டு மயில்சாமி,
ஆன்ட்வெர்ப்புக்குச் சரக்கு அனுப்புகிறவர், ஆரம்பித்தார்:
"பெல்ஜியத்துல ரெண்டு பாஷைக்காரனும் ஒத்துக்கணுமுங்க.
ஒத்துக்காம ஐந்நூறு நாளுக்கு மேல
அரசாங்கமே அமையலை ஒருக்கா."
"கொழாயில தண்ணி வந்துச்சுங்களா?" என்றாள்
ஆறாம் வார்டு பாப்பாத்தி.
"அது வந்துச்சு."
"அப்பறம் என்னுங்க."

சுவிஸ்ஸில் ஏழு பேர் ஒரே மேசையாம்,
தலைமை வருசத்துக்கு ஒருத்தராம்.
எனக்கு வாய்க்கால் முறைதான் ஞாபகம் வந்தது.
இந்த மண்டலத்துக்கு ஒரு தவணை, அந்த மண்டலத்துக்கு ஒரு தவணை,
காத்திருக்கலாம், கடலை போடலாம்.
முறை வைத்தால் தாகம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.
சேர்ந்து போட வேண்டிய கையெழுத்தில்
முறை என்பது கிடையாது.
ஒருத்தர் கை நீண்டால் இன்னொருத்தர் பிடிக்கட்டும்
என்று எழுதியவர்கள்
பிடித்த கையை எப்போது விடுவது என்பதை
எங்கே எழுதினார்கள், நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

"கலெக்டருக்குப் போட்டுடலாமுங்க" என்றேன்,
"செக் அதிகாரத்தையே பிடுங்கி பிடிஓகிட்டக் குடுத்துருவாங்க.
மோட்டார் நாளைக்கே ஓடும்."
துளசிமணி காலிக்குடத்தைக் கவிழ்த்து
அதன்மேலேயே உட்கார்ந்தார்.
"அவருக்குப் போறப்ப எனக்கும் போயிருமல்லங்க?
அடுத்த தார் ரோட்டுக்கு
எந்தக் கோட்டைக் காலியா விடுவேன்?"
பிறகு, "அந்தத் தீர்மான நோட்டை எடுங்க.
மாட்டேங்கறது அவர் பாத்தியம்.
நான் எட்டு வரி எழுதுனேன்.
அவர் ஒரு வரி எழுதட்டும்."

இன்றைக்குக் காசோலையும் நோட்டும்
இரண்டையும் கொண்டுபோய் வைத்தேன்.
தேதி போட்டிருந்தது,
கீழே நான் ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள்.
"இதுல என்ன எழுதறது?"
"உள்ளதுங்க."
நார் உரிக்கிற மிஷின் நின்றிருந்தது.
சட்டைப்பையிலேயே இருந்தது கண்ணாடி.
எடுத்துத் துடைத்து மாட்டினார்.

முதலில் எந்தத் தாளில் பேனா இறங்கும் என்று
பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
மோர் இன்னும் வரவில்லை.